காதைக் கொடுங்கள்: காடும் கால்ஷீட்டும்

(போன இதழில் காட்டில் மாட்டிக்கொள்ளும் குறைந்த செலவுத் திகில் படங்களைப் பற்றி நாலு வரி எழுதினேன். வந்து குவிந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். முப்பது வருடம் சினிமாவுக்குச் சத்தம் போட்டுப் பிழைத்தவன் நான். காலடி, கதவு, மழை, சருகு எல்லாம் என் கைவேலை. அந்தக் காதோடுதான் பதில் சொல்ல முடியும்.)

கையில் 15 லட்சம் இருக்கிறது. நாலு நண்பர்கள் காட்டில் வழி தவறுகிற திகில் படம். ஸ்டார் இல்லை, பாட்டு இல்லை, செட் செலவே இல்லை. 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' ஓடியதே, எங்கள் படம் ஓடாதா?
ஆர்.கே., தேனி

தம்பி, 'செட் செலவே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. காடு வாடகை கேட்காது. காட்டுக்குள் வருகிற மற்ற எல்லாரும் கேட்பார்கள்.

2011-ல் கொடைக்கானல் மலைப்பக்கம் தாண்டிக்குடிக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் இப்படி ஒரு படத்துக்கு வேலை பார்த்தேன். காப்புக்காட்டுக்குள் ராத்திரி ஷூட்டிங்குக்கு அனுமதி வாங்குவது லேசில்லை, அதனால் தனியார் எஸ்டேட். ஜெனரேட்டர் வண்டி தார் ரோடு முடிகிற இடத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து கேபிள் இழுக்க வேண்டும். கேபிளைத் தூக்க ஆள், ஆளுக்கு பேட்டா, ராத்திரி என்பதால் சம்பளக் கணக்கே வேறு. மேலே கொண்டுவருவதற்குள் இட்லி கல்லாகிவிடும். அட்டைக் கடிக்கு உப்பும் மூக்குப்பொடியும் தனிச் செலவு. இவ்வளவும் தாண்டி இரண்டு மணிக்கு லைட்டைப் போட்டால் மூடுபனி இறங்கி எதிரே வெள்ளைச் சுவர் மாதிரி நிற்கும். நாலு ராத்திரியில் முடிகிற வேலை ஒன்பது ராத்திரி இழுத்தது. பத்தாவது நாள் தயாரிப்பாளரின் போன் 'ஸ்விட்ச் ஆஃப்'.

இப்போது 'பிளேர் விட்ச்' ஆட்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மூன்று மாணவர்கள் கேமராவோடு காட்டுக்குப் போய் வழி தவறிக் காணாமல் போகிற கதை. 1997 அக்டோபரில் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்துக் காட்டில் எட்டு நாள் ஷூட்டிங். இயக்குநர்கள் டேனியல் மைரிக், எட்வார்டோ சான்செஸ். மூன்று நடிகர்களின் கையிலேயே கேமராவைக் கொடுத்துவிட்டார்கள். ஒன்று வீடியோ, ஒன்று 16 எம்.எம். லைட்மேன் கிடையாது, கேமராவில் இருக்கிற விளக்குதான் வெளிச்சம். ஜி.பி.எஸ். கருவி காட்டுகிற இடத்துக்கு நடந்து போனால் அங்கே ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் பிலிம் டப்பாக்களில் ஆளுக்கொரு சீட்டு. அன்றைக்கு நீ என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும், மற்ற இருவருக்கும் காட்டக் கூடாது. வசனம் அவர்களே பேசிக்கொள்ள வேண்டியது. நாளாக நாளாகச் சாப்பாட்டைக் குறைத்தார்கள். நடிப்பை நிறுத்திவிட்டு நிஜமாகப் பேச வேண்டுமென்றால் 'டாக்கோ' என்று சொல்ல வேண்டும். அது ஒரு தின்பண்டத்தின் பெயர். பசித்தவனுக்குப் பொருத்தமான சங்கேதச் சொல்தான்!

அதாவது ஷூட்டிங்கில் என்னவெல்லாம் இல்லையோ, அதெல்லாம் கதையில் வருகிற மூன்று பேரிடமும் இல்லை. வெளிச்சம் இல்லை, சாப்பாடு இல்லை, அடுத்து என்ன என்று தெரியாது. அதனால் படத்தில் எங்கேயும் வறுமை தெரியவில்லை. எங்கள் தாண்டிக்குடிப் படத்தில் நாயகி மூன்று நாளாகக் காட்டில் தொலைந்தவள். ஆனால் புருவம் திருத்தி, தலைக்கு மேலே நிலா மாதிரி ஒரு பெரிய லைட்டோடு அழுதாள். அங்கேதான் பட்ஜெட் பல்லைக் காட்டியது.

அப்புறம், 'ஓடியதே' என்றீர்கள். ஷூட்டிங் செலவு 60 ஆயிரம் டாலருக்குள், அன்றைய கணக்கில் சுமார் 22 லட்சம் ரூபாய். வசூல் கிட்டத்தட்ட 24.8 கோடி டாலர். இந்த இரண்டு எண்ணை மட்டும் எல்லாரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். நடுவில் இருப்பதை யாரும் சொல்வதில்லை. 1999 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ஒரு விநியோக நிறுவனம் சுமார் 11 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. வாங்கிய பிறகு ஒலிக்கலவைக்கும் பிரிண்டுக்கும் இன்னும் சில லட்சம் டாலர் போனது. விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் போனது. அதற்கு முன்பே இணையதளம் போட்டு, 'மூன்று மாணவர்களைக் காணவில்லை, கிடைத்த படச்சுருள் இது' என்று ஊரை நம்ப வைத்திருந்தார்கள். இன்று அந்தப் பொய் அரை மணி நேரம் தாங்காது.

அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. சரி, உங்களுக்கு என் யோசனை: கதையை எழுதுவதற்கு முன்னால், உங்களிடம் என்னென்ன இல்லை என்று ஒரு பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலிலிருந்து கதையை எடுங்கள். 15 லட்சத்தில் 4 லட்சத்தை ஒலிக்கு ஒதுக்கி வையுங்கள். (என் ஆட்களுக்கு வேலை வாங்கித் தருகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.)

இந்தப் படங்களில் பேயையும் காட்டுவதில்லை, மிருகத்தையும் காட்டுவதில்லை. ஒன்றரை மணி நேரம் இருட்டையே காட்டிவிட்டு அனுப்புகிறார்கள். இது ஏமாற்று இல்லையா?
எஸ்.பி., கும்பகோணம்

பாதி ஏமாற்றுதான். மீதிப் பாதி கைவித்தை.

'பிளேர் விட்ச்' படத்தில் ராத்திரி கூடாரத்துக்கு வெளியே குழந்தைகள் சத்தம் கேட்கும் இல்லையா? இயக்குநர்கள் டேப் ரிக்கார்டரோடு இருட்டில் நின்று, பதிவு செய்து வைத்திருந்த குழந்தைக் குரல்களைப் போட்டார்கள். உள்ளே இருந்த நடிகர்களுக்கு அது வரப்போவது தெரியாது. அவ்வளவுதான் செலவு, ஒரு டேப். நரியோ பேயோ ஊளையிட்டிருந்தால் நாம் இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டோம். நடுக்காட்டில் நடுராத்திரி குழந்தை எப்படி வந்தது என்று மூளை தேட ஆரம்பிக்கிறது பாருங்கள், அந்தத் தேடலுக்குத்தான் டிக்கெட் காசு.

2013-ல் வந்த 'வில்லோ கிரீக்' என்று ஒரு படம். கலிஃபோர்னியாக் காட்டில் பிக்ஃபுட் என்கிற குரங்கு மனிதனைத் தேடிப் போகிற காதல் ஜோடி. அதில் கூடாரத்துக்குள் கேமராவை ஒரே இடத்தில் வைத்து, வெட்டே இல்லாமல் கிட்டத்தட்ட 19 நிமிடம் ஓடுகிற காட்சி உண்டு. இரண்டு முகங்கள், வெளியே சத்தம், வேறொன்றும் கிடையாது. படம் முழுக்க நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 19 நிமிடத்துக்காக அந்த ஒலிக்காரர்களுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுப்பேன்.

நம் ஊர்ப் படங்களில் என்ன நடக்கிறது? காடு என்றதும் ஸ்டுடியோவின் ஒலி லைப்ரரியிலிருந்து ஒரு சுவர்க்கோழிச் சத்தத்தை எடுத்துப் போட்டுவிடுவோம். நானும் போட்டிருக்கிறேன். அந்த ஒரே சுவர்க்கோழி வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறது, மத்தியானக் காட்சியில்கூட. யூனியன் கார்டு கொடுத்திருந்தால் இந்நேரம் பென்ஷன் வாங்கியிருக்கும்.

'ஓப்பன் வாட்டர்' படத்தில் வந்தவை நிஜச் சுறாக்களாமே?
எம்.ஜே., நாகர்கோவில்

நிஜம்தான். காட்டுக்குப் பதில் கடல், மற்றபடி அதே ஜாதிப் படம். 2003-ல் கிறிஸ் கென்டிஸ், லாரா லாவ் என்கிற கணவன் மனைவி தங்கள் சொந்தக் காசில், சுமார் 1.3 லட்சம் டாலரில் எடுத்தது. வார இறுதியிலும் விடுமுறையிலும் ஷூட்டிங். சுறாக் காட்சிகள் பஹாமாஸ் கடலில். நடிகர்கள் நீச்சல் உடைக்கு உள்ளே இரும்பு வலைக் கவசம் போட்டிருந்தார்கள். சுற்றிலும் மீன் துண்டுகளை வீசிச் சுறாக்களை வரவழைத்தார்கள். கிராபிக்ஸுக்குக் காசில்லை, நிஜச் சுறா மலிவு!

1998-ல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் முக்குளிக்கப் போன ஒரு தம்பதியை, தலையைச் சரியாக எண்ணாமல் படகு விட்டுவிட்டு வந்துவிட்டது. அதிலிருந்து பிறந்த கதை. படம் விற்றது 25 லட்சம் டாலருக்கு, உலக வசூல் 5 கோடி டாலரைத் தாண்டியது. என்னைக் கேட்டால், சுறாவைவிட அந்தத் தலை எண்ணுகிற காட்சிதான் திகில். சுற்றுலா பஸ்ஸில் போகிற எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

எங்கள் கதையில் கரடி வருகிறது. வளர்ப்புக் கரடி எங்கே கிடைக்கும்?
வி.எஸ்., பொள்ளாச்சி

எங்கேயும் கிடைக்காது, கிடைத்தாலும் தொடாதீர்கள். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை நடிக்க வைக்க நம் நாட்டில் தடை. நாய், குதிரை என்றாலே விலங்கு நல வாரியத்தின் கடிதம் வேண்டும்.

கனடாவில் 2014-ல் வந்த 'பேக்கன்ட்ரி' பாருங்கள். வழி தவறிய ஜோடி, ஒரு கருங்கரடி. 2005-ல் ஒன்டாரியோவில் நடந்த ஒரு நிஜத் தாக்குதலை ஒட்டிய கதை. அவர்கள் பழக்கிய கரடியை வைத்தே எடுத்தார்கள். ஆனால் கவனியுங்கள், பாதிப் படத்துக்கு மேல் கரடி வராது. மண்ணில் தடம், ராத்திரி கிளை முறிகிற சத்தம். காதலன் 'எனக்கு வழி தெரியும்' என்று வரைபடத்தை வேண்டாமென்று விட்டு வருவான். கரடியை விட்டுவிட்டு அந்த வீராப்பை எடுங்கள், அதற்கு எந்த வாரியத்தின் கடிதமும் வேண்டாம்.

முதலை என்றால் ஆஸ்திரேலியாவின் 'பிளாக் வாட்டர்', 2007. நிஜ முதலையைத் தனியாகப் படம்பிடித்து, நடிகர்கள் இருக்கிற ஃபிரேமுக்குள் ஒட்டினார்கள். அலையாத்திக் காட்டில் மரத்தின் மேல் மூன்று பேர், கீழே கலங்கிய தண்ணீர். தண்ணீர் கலங்கலாக இருந்தால் கிராபிக்ஸ் செலவு பாதி மிச்சம்.

'பிளேர் விட்ச்' நடிகர்கள் மூவரும் கோடீஸ்வரர்கள் ஆகிவிட்டார்களா?
பெயர் வேண்டாம், சேலம்

இல்லை. படம் ஓட வேண்டும் என்பதற்காக அவர்கள் செத்தவர்களாக இருக்க வேண்டியிருந்தது. சொந்தப் பெயரிலேயே நடித்ததால் பேட்டி கொடுக்க முடியவில்லை, முகம் காட்ட முடியவில்லை. நாயகியின் அம்மாவுக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன. கோடிக்கணக்கில் வசூலான படத்தில் அவர்கள் கைக்கு வந்தது கொஞ்சம். 2024-ல்கூட மூவரும் சேர்ந்து, எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள் என்று உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் பகிரங்கமாக எழுதினார்கள். 25 வருடம் கழித்து! 'படம் வெற்றியா' என்று கேட்கிறவர்கள், யாருக்கு என்றும் சேர்த்துக் கேட்கலாம்.

இதே படத்தின் இரண்டாம் பாகம் 2000-ல் சுமார் 1.5 கோடி டாலர் செலவில் வந்தது. போட்ட காசு திரும்பி வந்தது. பயம்தான் வரவில்லை.

தென்னிந்தியாவில் இப்படி ஒன்றும் வரவில்லையா?
டி.எல்., ஓசூர்

உங்களுக்குப் பக்கத்திலேயே வந்தது. 2013-ல் கன்னடத்தில் '6-5=2'. மலையேறப் போன ஆறு பேர், திரும்பக் கிடைத்த கேமரா. பெரிய பெயர் யாரும் இல்லாமல் நன்றாக ஓடியது. இந்தியிலும் எடுத்தார்கள், அங்கே எடுபடவில்லை. கன்னடப் படத்தில் அந்தப் பிள்ளைகள் பேசுகிற பேச்சு பெங்களூர் பஸ் ஸ்டாண்டில் நாம் கேட்கிற பேச்சு. தூக்கிக்கொண்டு போய் வேறு ஊரில் நட்டால் வேர் பிடிக்குமா?

காட்டில் வேலை பார்த்தபோது நீங்கள் நிஜமாகப் பயந்ததுண்டா?
கே.எம்., திருச்சி

ஒரு தடவை. மேலே சொன்ன அதே தாண்டிக்குடி. லைப்ரரிச் சுவர்க்கோழி வேண்டாம், நிஜக் காட்டுச் சத்தம் எடுப்போம் என்று எனக்கு வீம்பு. யூனிட் தூங்கிய பிறகு எஸ்டேட் காவல்காரப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு, அரை கிலோமீட்டர் கீழே போய் மைக்கை நட்டு, ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தேன். டார்ச்சை அணைத்துவிட்டோம்.

முதல் இருபது நிமிடம் சில்வண்டு, பனி சொட்டுகிற சத்தம், தூரத்தில் ஓடைத் தண்ணீர். அப்புறம் நாய் குரைப்பது போல ஒரு குரல். ஒரே அளவு இடைவெளியில் திரும்பத் திரும்ப. நாய் எப்படி இங்கே என்று பெரியவரைத் தொட்டேன். காதோரம் வந்து, "கேளையாடு சார். எதையோ பாத்துருச்சு" என்றார். (நாய் மாதிரி குரைக்கிற சின்ன மான் அது.) ஹெட்போன் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும், அது பத்தடியில் நின்று கத்துவது போல இருந்தது. சரி, அதுகூடப் பழகிவிட்டது. மீட்டர் ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று குரைப்பு நின்றது. அடுத்து சில்வண்டும் நின்றது. ஊசி கீழே போய்ப் படுத்துக்கொண்டது. பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒன்றும் பேசவில்லை. மைக்கை அங்கேயே விட்டுவிட்டு ஏறி வந்தோம், காலையில் போய்த்தான் எடுத்தேன்.

அந்த ஒலிப்பதிவை இயக்குநருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கடைசியில சத்தமே இல்லையே சார், அங்க ஒரு வயலின் போட்டுருவோம்" என்றார். போட்டார்கள். படம் வெளிவரவில்லை. பாக்கி செட்டில் ஆகாததால் ஹார்டு டிஸ்க் இன்னும் ஸ்டுடியோவில்தான் கிடக்கிறது, வயலினோடு.