லாட்வியத் தலைநகர் ரீகாவில் பிறக்கவிருக்கும் மகளுக்குப் பெயர்

இல்ஸே, லைமா, ட்ஸிந்த்ரா ஆகிய மூன்றில் பொருள் பொதிந்த லாட்வியப் பெயர் எது என்று கேட்டிருந்தீர்கள். இல்ஸே, எலிசபெத் என்பதன் சுருக்கம். அங்கே பரவலாக வழங்கினாலும் அதற்கு லாட்விய வேர் கிடையாது. லைமா, பிள்ளைப்பேற்றைக் காத்து, பிறக்கும் குழந்தையின் ஊழை வகுக்கும் பழந்தெய்வம். ஆனால் ரீகாவின் புகழ்பெற்ற சாக்லேட்டுக்கும் நகர நடுவிலுள்ள கடிகாரத்துக்கும் அதே பெயர் என்பதால், பள்ளியில் சிறு கேலி எழலாம். ட்ஸிந்த்ரா, பால்டிக் கடற்கரையில் ஒதுங்கும் அம்பர் என்னும் புதைபடிவ மரப்பிசினைக் குறிக்கும் 'ட்ஸிந்தர்ஸ்' என்பதிலிருந்து வந்தது; சற்றே பழைய தலைமுறைப் பெயர்தான், எனினும் என் தேர்வு அதுவே. தமிழ்ப் பெயரே வைத்தாலும், நாட்காட்டியில் அவரவர் பெயருக்கெனக் குறித்த நாளைக் கொண்டாடும் 'பெயர்நாள்' கொண்டாட்டம் தவறாது; நாட்காட்டியில் இடம்பெறாத பெயர்களுக்கென்றே மே 22 ஒதுக்கப்பட்டுள்ளது.