பட்டறைத் தூசி யார் மூச்சில் போகிறது? கேள்வி பதில்

நாச்சியார்கோவில் வாசகர்: சார், எங்கள் குத்துவிளக்கு பாலிஷ் பட்டறை 10 மீட்டர் நீளம், 6 அகலம், 4 உயரம். எக்ஸாஸ்ட் ஃபேன் மணிக்கு 1200 கன மீட்டர் இழுக்கும். மெஷினை நிறுத்தினால் தூசி எப்போது போகும்?

அறை 240 கன மீட்டர். அப்படியானால் மணிக்கு 5 முறை, அதாவது 12 நிமிடத்துக்கு ஒருமுறை காற்று மாறுகிறது. அதற்காக 12 நிமிடத்தில் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். புதுக் காற்று பழசோடு கலந்துதான் வெளியேறும். முதல் 12 நிமிடத்தில் 63 சதவீதம் போகும், மீதியில் மறுபடி 63. 36 நிமிடம் ஆனால்தான் 5 சதவீதத்துக்கு இறங்கும்.

அவரே: மெஷின் ஓடும்போது?

மணிக்கு 6 கிராம் நுண்தூசி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 6000 மில்லிகிராமை 1200-ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 5 மில்லிகிராம். ஆனால் இது வாசலோரம் பில் எழுதுகிறவர் மூச்சுக் கணக்கு! பஃப் சக்கரத்தின் (பாலிஷ் போடும் சக்கரம்) மேல் குனிந்து, விளக்குத் தண்டைத் திருப்பித் திருப்பிக் கொடுப்பவர் கதை வேறு. சக்கரத்தைச் சுற்றி அரை மீட்டர் ஆரத்தில் ஓர் அரைக்கோளத்தைத் தனி அறையாகப் பாருங்கள். அங்கே காற்று நொடிக்கு 10 சென்டிமீட்டர் நகர்ந்தால், அதன் வளைந்த பரப்பில் ஒரு பாதி வழியாக மணிக்குச் சுமார் 280 கன மீட்டர்தான் உள்ளே வந்து, மறுபாதி வழியாக வெளியே போகும். 6000-ஐ 280-ஆல் வகுத்தால் 21. அறையில் ஏற்கெனவே உள்ள 5-ஐயும் சேர்த்தால் 26.

அவரே: இரண்டு ஃபேன் போட்டால்?

5 என்பது 2.5 ஆகும், 21 அப்படியே நிற்கும். 26 போய் 23.5, ஃபேனுக்கான கரண்ட் செலவு மட்டும் இரட்டிப்பு. அந்தக் காசில் சக்கரத்தை ஒட்டியே ஒரு உறிஞ்சு குழாய் வையுங்கள்.

மன்னார்குடி, ரைஸ்மில்: நெல் தூசி தானாகப் படிந்துவிடாதா அண்ணே?

கண்ணுக்குத் தெரிவது படியும். 10 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வர எட்டு நிமிடம் போல ஆகும். 1 மைக்ரான் என்றால் அரை நாள், அதுவும் காற்று அசையாமல் இருந்தால். நுரையீரலின் அடிவரை போவது இந்தப் பொடிதான்.

கும்பகோணம்: எங்கள் ஃபேன் வாசலை ஒட்டி இருக்கிறது. பரவாயில்லையா?

வாசலில் நுழைந்த காற்று அப்படியே திரும்பிவிடும். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு பட்டறைக்கு ஃபேனில் எழுதியிருந்த அளவை நம்பிக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அப்புறம் பின்மூலையில் ஊதுபத்தி ஏற்றிப் பார்த்தால், ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, புகை பாட்டுக்கு நேராக மேலே போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் ஃபேனை எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள்.