கழுத்தைத் தொட்டால் உறுமும் கோம்பை

கேள்வி: தேனி மாவட்டம் கூடலூரில் இருக்கிறோம். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காவலுக்கு நின்ற இரண்டு வயது ஆண் கோம்பை நாயை, அந்த வேலையை விட்டுவிட்ட மாமா எங்கள் வீட்டில் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார். மூன்று வாரமாகிறது. நான்தான் சோறு வைக்கிறேன், ஆனால் நான் நகர்ந்த பிறகுதான் வாய் வைக்கிறது. கூப்பிட்டால் வருவதில்லை. கழுத்துப் பக்கம் கை போனால் உறுமுகிறது. காலை 5 மணிக்கு ஜீப் ஏறினால் நான் திரும்ப மாலையாகிவிடும். இரண்டு போட்டால்தான் கோம்பை அடங்கும் என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?

பதில்: அது உங்களை வெறுக்கவில்லை. உங்கள் கை அடுத்து என்ன செய்யும் என்று அதற்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். சோறு போடுகிறவரிடம் நாய் ஒட்டிக்கொள்ளும் என்பது பாதிதான் உண்மை. சட்டியை வைத்த பிறகு அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதையே நாய் கணக்கில் வைக்கிறது. வைத்த கையோடு கழுத்தைப் பிடித்துச் சங்கிலி மாட்டியிருந்தால் சட்டியும் கையும் சேர்ந்தே சந்தேகமாகிவிடும்.

பழக்குவதற்கு முன் அந்தக் கழுத்தை ஒரு கால்நடை மருத்துவர் பார்க்கட்டும். இறுக்கமான பெல்ட்டுக்கு அடியில் புண் இருக்கலாம், காதுக்குள் உண்ணி மொய்த்திருக்கலாம், காதில் சீழ் கட்டியிருக்கலாம். வலியால் உறுமும் நாயை எந்தப் பயிற்சியும் மாற்றாது. வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டை கையில் இல்லையென்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு அன்றைக்கே போட்டுவிடுங்கள். பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி. புதிதாக மாட்டும் பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

இனி சாப்பாட்டு நேரம். சட்டியை வைத்துவிட்டு ஆறடி தள்ளி, அதற்குப் பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் உட்காருங்கள். அதைப் பார்க்க வேண்டாம், பேசவும் வேண்டாம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாலும் சரி (தோல் ஒன்றுகூட அதன் பக்கம் போகக் கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும்). நீங்கள் இருக்கும்போதே இரண்டு வேளை நிதானமாகத் தின்றால் மூன்றாவது வேளை அரையடி முன்னால். தின்பதை நிறுத்தினால், உடம்பு விறைத்தால், அவசரமாக விழுங்கினால் நீங்கள் முந்திவிட்டீர்கள் என்று அர்த்தம். மறுவேளை ஓரடி பின்னால் போங்கள். இந்தக் கட்டம் பத்து நாளில் முடியலாம், ஒரு மாதமும் இழுக்கலாம். அவசரப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

மூன்றடிக்கு வந்துவிட்டால், உட்கார்ந்த இடத்திலிருந்தே சட்டிக்குள் தின்பண்டம் போடத் தொடங்குங்கள். உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி, நிலக்கடலை அளவுத் துண்டு, ஒரு வேளைக்கு இருபது போதும். ஈரல் என்றால் உயிரை விடும், ஆனாலும் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். கொடுக்கிற அளவுக்குச் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் மறக்கக் கூடாத ஒன்று திராட்சை. தோட்டத்திலிருந்து வந்த பன்னீர் திராட்சையைப் பாசமாக ஊட்டிவிடாதீர்கள், நாய்க்குச் சிறுநீரகமே செயலிழந்துபோகலாம்.

பிறகு கை. துண்டை விரல் நுனியில் பிடிக்காமல், விரித்த உள்ளங்கையில், அதன் முகவாய்க்குக் கீழே நீட்டுங்கள். அது வந்து எடுக்கட்டும், நீங்கள் கொண்டுபோய்த் திணிக்க வேண்டாம். தானாக வந்து எடுப்பது வழக்கமான பிறகு மார்பின் பக்கவாட்டில் மூன்று விநாடி வருடிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். தலைக்கு மேலே கை போகவே கூடாது. எடுத்ததும் என்ன செய்கிறது என்று பாருங்கள். நெருங்கி உரசினால் இன்னொரு மூன்று விநாடி. உதட்டை நக்குவது, பசியோ தூக்கமோ இல்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக் கண்ணின் வெள்ளையைக் காட்டுவது, இவையெல்லாம் 'போதும்' என்பதற்கு நாய் வைத்திருக்கும் சொற்கள். அப்போது விட்டால் அடுத்த முறை அதுவே கிட்ட வரும்.

உறுமலை அடக்கக் கூடாது. உறுமுவது, கடிப்பதற்கு முன் அது கொடுக்கும் எச்சரிக்கை. அதற்காக அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. அப்புறம் 'ஒன்றுமே செய்யாமல் திடீரென்று கடித்துவிட்டது' என்பார்கள். மாமியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நாய்க்கு அவரும் தினம் நான்கு துண்டு போடட்டும், அந்த நேரத்தில் கையில் கம்பு இல்லாமல் இருந்தால் போதும். ஓநாய்க் கூட்டத் தலைவனைப் போல நாயை மல்லாக்கத் தள்ளி அடக்க வேண்டும் என்ற யோசனையும் ஊரில் சுற்றுகிறது. அது அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுந்த கருத்து. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் தாய் தகப்பனும் குட்டிகளும் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-இல் எழுதித் திருத்திக்கொண்டார்.

கூப்பிட்டால் வராததற்கு மொழியும் காரணமாக இருக்கலாம். தோட்டத்தில் 'இவிடே வா', 'இரிக்கு' என்று மலையாளத்தில் கேட்டு வளர்ந்த நாய்க்கு 'உட்காரு' வெறும் சத்தம். எந்தச் சொல் சொன்னார்கள், சொல்லும்போது அடித்தார்களா என்று மாமாவிடம் கேளுங்கள். அடியோடு வந்த சொல்லை அப்படியே கைவிட்டுப் புதிதாக ஒன்றை எடுங்கள். அடிபடாத சொல் மலையாளமாகவே இருக்கட்டும், வீட்டில் எல்லோரும் அதையே சொல்லுங்கள்.

வீட்டுக்குள் இரண்டடியிலிருந்து பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, திரும்பிப் பார்த்த உடனே ஒரு துண்டு. ஒரு வாரம் இவ்வளவே. அப்புறம் ஐந்தடி, அப்புறம் முற்றம், அதற்கும் பிறகு பத்து மீட்டர் பருத்திக் கயிற்றோடு வெளியே. கயிற்றை மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில் கட்டுங்கள், கழுத்தில் வேண்டாம். நைலான் கயிறு உங்கள் கையை அறுத்துவிடும். குளிப்பாட்டவும் கட்டிப்போடவும் அதைக் கூப்பிடாதீர்கள், அதற்கு நீங்களே போய்க் கூட்டிவாருங்கள். வந்தால் கெடுதல் என்று ஒரு முறை தெரிந்துவிட்டால் பத்து நாள் உழைப்பு போச்சு.

நேரமில்லை என்று கவலை வேண்டாம். ஜீப் வருவதற்கு முன் பத்து நிமிடம், மாலையில் இருபது நிமிடம், தினம் அதே நேரத்தில் நடந்தால் போதும். மாலை நடையில் அதை மோப்பம் பிடிக்க விடுங்கள். ஒரு வேலிக்காலை மூன்று நிமிடம் முகர்ந்தால் நீங்களும் நில்லுங்கள். தார்ச்சாலை சூடாக இருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி தாங்கவில்லையென்றால் அதன் பாதமும் தாங்காது.

கழுத்து கடைசி. முதலில் சங்கிலிக் கொக்கியை அதற்கு எட்டாத தூரத்தில் 'க்ளிக்' என்று அழுத்தி உடனே ஒரு துண்டு போடுங்கள், நாளுக்குப் பத்து முறை. அந்தச் சத்தத்துக்கு வாலாட்டிக்கொண்டு வரத் தொடங்கினால், மார்பிலிருந்து தோள், தோளிலிருந்து பெல்ட்டின் ஓரம் என்று விரல் போகட்டும், ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு துண்டு. ஒரு விரலைப் பெல்ட்டுக்குள் விட்டு எடுக்கும்வரை கொக்கியை மாட்டவே வேண்டாம். மாட்டிய முதல் ஐந்து நாளும் மாட்டி, துண்டு கொடுத்து, உடனே கழற்றிவிடுங்கள். இதற்கிடையில் கடிக்கப் பாய்ந்தாலோ குழந்தைகள் பக்கம் உறுமினாலோ, வாய்க்கூடு மாட்டி மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். பல் பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, கீறல்தானே என்று விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.