ஸ்பீச் தெரபி அசிஸ்டென்ட் லைசென்ஸ்: அமெரிக்காவிலிருந்து நான்கு கேள்விகள்

கேள்வி: சென்னையில் பி.ஏ.எஸ்.எல்.பி. (பேச்சு, செவித்திறன் இளநிலைப் படிப்பு) முடித்தேன், ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவும் இருக்கிறது. இப்போது ஹூஸ்டனில் இருக்கிறேன். அசிஸ்டென்டாக உடனே சேரலாமா?

பதில்: முடியாது. ஆர்.சி.ஐ. பதிவு இந்தியாவோடு சரி. டெக்சஸில் டி.டி.எல்.ஆர். என்ற மாநிலத் துறை தரும் லைசென்ஸ் வேண்டும். இந்தப் படிப்பில் இளநிலைப் பட்டம், தெரபியைப் பார்த்துக் கற்றது 25 மணி நேரம், கூட இருந்து செய்தது 25 மணி நேரம் என்று கேட்கிறார்கள். மதிப்பெண் பட்டியலை அவர்கள் ஏற்கும் நிறுவனத்திடம் கொடுத்து மதிப்பீடு வாங்குங்கள். மணிக்கணக்கில்தான் பலர் கோட்டை விடுவது. நூறு குழந்தைகளைப் பார்த்திருந்தாலும் காட்டத் தாள் வேண்டாமா? ஆசிரியர் கையெழுத்திட்ட பழைய லாக் புத்தகம் அம்மா வீட்டுப் பரணில் கிடக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அப்புறம், எச்-4 விசா (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) என்றால் வேலை அனுமதி தனிக் கதை. லைசென்ஸ் அதைத் தராது.

கேள்வி: ஆஷா என்ற அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் நிபுணர் சங்கத்தின் அசிஸ்டென்ட் சான்றிதழ் போதாதா?

பதில்: 2020-ல் வந்தது அது. 100 மணி நேரக் களப்பயிற்சி, தேர்வு எல்லாம் உண்டு, பயோடேட்டாவுக்கு நல்லது. ஆனால் லைசென்ஸ் கேட்கும் மாநிலத்தில் அதை மட்டும் வைத்து வேலை பார்க்க முடியாது.

கேள்வி: கணவருக்குக் கலிஃபோர்னியாவுக்கு மாற்றல். டெக்சஸ் லைசென்ஸ் செல்லுமா?

பதில்: செல்லாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் தெரபிஸ்டுக்கும் ஆடியாலஜிஸ்டுக்கும் (செவித்திறன் நிபுணர்)தான், அசிஸ்டென்டுக்கு இல்லை. கலிஃபோர்னியாவில் அசிஸ்டென்ட் லைசென்ஸுக்குப் பெயர் 'பதிவு'. இரண்டாண்டு அசோசியேட் பட்டத்திலேயே வாங்கலாம்.

கேள்வி: தமிழ் பேசுகிறேன் என்பதால் பெற்றோர் என்னையே பிடித்துக்கொள்கிறார்கள். "பையனுக்கு ஆட்டிசமா?" என்றால் என்ன சொல்வது?

பதில்: தெரிந்தாலும் சொல்லக் கூடாது. நோயறிவதும், சிகிச்சைத் திட்டம் எழுதுவதும், எப்போது நிறுத்தலாம் என்பதும் தெரபிஸ்டின் வேலை. தெரபிக் குறிப்பு எழுதும்போதும் அப்படியே, நடந்ததை மட்டும் எழுதுங்கள்: 'ஸ' ஒலி, 20 முயற்சியில் 14 சரி. அதோடு பேனாவை மூடுங்கள். "நல்ல முன்னேற்றம், இனி வாரம் ஒருமுறை போதும்" என்று ஒரு வரி சேர்த்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள். வராந்தாவில் நின்று தமிழில் கேட்கும் அம்மாவிடம் வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டம்தான், எனக்கும் தெரியும். "சூப்பர்வைசரைக் கூப்பிடுறேன், அவங்க சொல்றதை நான் தமிழில் சொல்றேன்" என்று சொல்லுங்கள். சூப்பர்வைசர் ஒப்புதலோடு அதைச் செய்யலாம்.