ஊர் சுற்றுவதை நிறுத்தாதீர்கள், கார்டை நிறுத்துங்கள்

கேள்வி: சார், நாங்கள் அம்பத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை, பிடித்தம் போகக் கையில் 58,000 ரூபாய் வரும். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்து மாதம் 9,000 வரை சம்பாதிக்கிறேன். மகள் நான்காம் வகுப்பு, மகனுக்கு நான்கு வயது, மாமியாரும் எங்களோடு இருக்கிறார். மாதத்தில் இரண்டு ஞாயிறு வெளியே போவோம். முதல் ஞாயிறு சம்பளப் பணத்தில். இரண்டாவது ஞாயிறு வருவதற்குள் கையில் இருப்பது தீர்ந்துவிடும், அதனால் கிரெடிட் கார்டு. இப்படியே கார்டு பாக்கி 54,000 ஆகிவிட்டது. மினிமம் டியூ, அதாவது பில்லில் போடும் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி வருகிறோம்.

போன ஞாயிறு செலவை எழுதிப் பார்த்தேன். கால் டாக்சி போக வர 1,100, சினிமா 860, பாப்கார்ன், கூல்டிரிங்ஸ் 640, கேம் ஜோன் 700, ராத்திரி ஹோட்டல் 1,550. மொத்தம் 4,850. கால் வலி, மாலெல்லாம் எனக்கு வேண்டாம் என்று மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டார். மறுநாள் பாட்டியிடம் மகள் கதை சொன்னாள். சினிமாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திரும்பி வரும்போது கோயம்பேட்டில் தலைக்கு மேலே மெட்ரோ ரயில் போனதைத்தான் சொன்னாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி வெளியே போவதே வேண்டாம் என்கிறேன். பிள்ளைகளுக்கு இந்த வயசு திரும்ப வருமா என்கிறார் கணவர். தபால் ஆபீஸில் மாதம் 2,000 ரூபாய் ஆர்.டி. போடுகிறேன், 30 மாதம் ஆகிறது. அதை உடைத்துக் கார்டை அடைத்துவிடலாமா?

பதில்: உங்கள் கணவர் சொல்வது சரி. பிள்ளைகளோடு வெளியே போவது அரிசி, பருப்பு மாதிரி குடும்பச் செலவுதான். அதை ஒரேயடியாக வெட்டிய குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். மூன்றாவது மாதம் ஒரு ரிசார்ட்டில் இருபதாயிரத்தைக் கரைத்துவிட்டு வருவார்கள். அதனால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கை வைக்கப் போவதில்லை. முதலில் கார்டைப் பார்ப்போம்.

உங்கள் கார்டின் மாத பில்லில் வட்டி விகிதம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். சிறிய எழுத்தில் மாதத்துக்கு 3.5 சதவீதம் என்பதுபோல் ஏதோ ஓர் எண் இருக்கும். 54,000க்கு அந்தக் கணக்கில் மாத வட்டி 1,890 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அது 340. ஆக மாதம் 2,230 ரூபாய். மினிமம் டியூவாக 5 சதவீதம், 2,700 ரூபாய் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், அதில் அசலுக்குப் போவது 470 ரூபாய்தான். அதே மாதம் இரண்டாவது ஞாயிறுக்கு 4,850 புதிதாக ஏறுகிறது. பாக்கி குறையாததன் காரணம் இதுதான், உங்கள் சிக்கனத்தில் குறை இல்லை.

இன்னொன்றும் உண்டு. கார்டில் வாங்கினால் நாற்பது, ஐம்பது நாள் வட்டியில்லை என்று சொல்லித்தானே கார்டு தருவார்கள்? அந்தச் சலுகை, போன மாத பாக்கியை முழுதாகக் கட்டியவர்களுக்கு மட்டும். பாக்கி வைத்திருந்தால் புதிதாக வாங்கும் ஒவ்வொன்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இரண்டாவது ஞாயிறு தியேட்டரில் வாங்கும் பாப்கார்னுக்கு, இடைவேளை முடியும் முன்பே வட்டி ஆரம்பித்துவிடுகிறது. அதனால் கார்டை இன்றைக்கே பர்ஸிலிருந்து எடுத்துப் பீரோவில் வையுங்கள். போனில், டாக்சி ஆப், சினிமா ஆப் எல்லாவற்றிலும் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை நீக்குங்கள். பீரோவில் வைப்பதைவிட இது முக்கியம்.

அடுத்து ஆர்.டி. உடைக்க வேண்டாம், உடைக்கவும் முடியாது. தபால் ஆபீஸ் ஐந்து வருட ஆர்.டி.யை மூன்று வருடம் முடிந்த பிறகுதான் முன்கூட்டியே மூட விடுவார்கள். அப்போதும் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். ஆனால் அதன் மேல் கடன் வாங்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. 12 தவணை கட்டி, கணக்குக்கு ஒரு வருடம் ஆகியிருந்தால், கணக்கில் உள்ள தொகையில் பாதி வரை தருவார்கள். வட்டி, உங்கள் ஆர்.டி.க்குக் கிடைக்கும் வட்டியைவிட வருடத்துக்கு 2 சதவீதம் அதிகம், அவ்வளவுதான். நீங்கள் கட்டியது 60,000. ஆக 30,000 கிடைக்கும். மாதத்துக்கு மூன்றரை சதவீதக் கடனை, வருடத்துக்கு எட்டு ஒன்பது சதவீதக் கடனாக மாற்றிக்கொள்கிறீர்கள். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய்க் கடன் விண்ணப்பம் கேளுங்கள். அந்த 30,000ஐ ஒரு நாள்கூட வீட்டில் வைக்காமல் கார்டில் கட்டிவிடுங்கள்.

மீதி 24,000. இதைத் தவணையாக மாற்றித் தரும்படி கார்டு கொடுத்த வங்கியிடம் கேளுங்கள். பெரும்பாலும் வட்டி பாதிக்கும் கீழே இறங்கும். தவணையாக மாற்ற எடுக்கும் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்ற இரண்டையும் கேட்டுவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

இனி மாதக் கணக்கு. இங்கே பலர் தப்புக் கணக்குப் போடுவார்கள். மாதம் 9,700 வெளியே செலவாகிறது, அதை 3,500 ஆக்கினால் 6,200 மிச்சம் என்று தோன்றும். அப்படியில்லை. அந்த 9,700இல் பாதி உங்கள் பணமே கிடையாது, கார்டின் பணம். உங்கள் கையிலிருந்து நிஜமாகப் போவது முதல் ஞாயிறின் 4,850உம் மினிமம் டியூ 2,700உம், ஆக 7,550. அதில் 3,500 ஊர் சுற்ற, 4,050 கார்டுக்கு. வங்கி தவணையாக மாற்றித் தராவிட்டாலும் ஏழு மாதத்தில் கார்டு தீர்ந்துவிடும். அப்புறம் அதே 4,050ஐத் தபால் ஆபீஸ் கடனுக்குத் திருப்புங்கள், இன்னும் எட்டு மாதம். ஆர்.டி. தவணையை மட்டும் இடையில் நிறுத்தாதீர்கள்.

3,500 ரூபாயில் சென்னையில் ஐந்து பேர் எங்கே போவது என்று கேட்பீர்கள். நான் இந்த ஊரிலேயே வளர்ந்தவன், அதனால் இதைச் சொல்ல எனக்கு ஆசை அதிகம்.

உங்கள் பட்டியலை மறுபடி படியுங்கள். 4,850இல் பார்த்ததற்குக் கொடுத்தது 860 மட்டும். போக வர 1,100. தின்பதற்கும் குடிப்பதற்கும் 2,190. அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில் டிக்கெட் 5 ரூபாய். ஐந்து பேரும் போய் வந்தால் 40 ரூபாயைத் தாண்டாது. ஞாயிறு அட்டவணையில் வண்டி குறைவு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். பேருந்து என்றால் இன்னும் லாபம். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் டிக்கெட் இல்லை. உங்கள் ஐந்து பேரில் டிக்கெட் எடுக்க வேண்டியவர் உங்கள் கணவர் ஒருவர்தான்.

முதல் ஞாயிறு மெட்ரோ. உங்கள் மகள் கேட்காமலே கேட்டுவிட்டாள். திருமங்கலத்தில் ஏறுங்கள். அது பூமிக்கு அடியில் இருக்கும் நிலையம். வண்டி இருட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும், கோயம்பேடு வரும்போது சட்டென்று வெளிச்சத்துக்குள் ஏறி வந்து கட்டடங்களுக்கு மேலே ஓடும். அவள் டாக்சியிலிருந்து அண்ணாந்து பார்த்த அதே இடம். பிள்ளைகளை ஜன்னல் பக்கம் நிறுத்துங்கள். ஆலந்தூரில் மாறி விமான நிலையம் வரை போய் வாருங்கள். ஆலந்தூரில் இரண்டு தடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் போவதே பார்க்க நன்றாக இருக்கும். இப்போது ஓடும் தடங்களில் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய். ஐந்து பேரும் போய் வந்தாலும் ஐநூறுக்குள் முடியும். நிலையங்களில் லிஃப்ட் இருப்பதால் மாமியாரும் தாராளமாக வரலாம்.

இன்னொரு ஞாயிறு எழும்பூர் அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள், பிள்ளைகள் களைத்துப் போவார்கள். மகனுக்குத் திமிங்கில எலும்புக்கூடு போதும். மாமியாரை வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடத்துக்கு அழைத்துப் போய்த் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் நிறுத்துங்கள். கோயிலில் தீபாராதனை நேரத்தில் தள்ளி நின்று பார்க்கிற உருவத்தை அங்கே கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். சென்ட்ரலிலிருந்து அவருக்காக ஆட்டோ வையுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அப்புறம் மெரினா. என் அப்பா மாதம் ஒரு தடவை கூட்டிப் போவார். அம்மா தூக்கு நிறையப் புளிச்சோறு கட்டுவாள். அங்கே போய் ஆளுக்கு ஒரு பொட்டலம் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், அவ்வளவுதான் செலவு. மாங்காய்த் துண்டைக் கடைசியாகச் சாப்பிட ஒதுக்கி வைப்பேன். அதற்குள் அதில் நாலு மணல் ஒட்டியிருக்கும். பல்லில் நறநற என்று அரைபடும் அந்த மணலோடுதான் இன்றைக்கும் அந்தச் சுவை எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெயில் தாழ நாலரை மணிக்குப் போனால் கலங்கரை விளக்கத்திலும் ஏறிப் பார்க்கலாம். லிஃப்ட் உண்டு. திங்கட்கிழமை மட்டும் விடுமுறை.

இப்படிப்பட்ட ஞாயிறுக்கு 900 ரூபாய் வையுங்கள். மாதம் இரண்டு என்றால் 1,800. மீதி 1,700ஐத் தொடாமல் வைத்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 3,400 சேரும். அதில் ஒரு பெரிய நாள் போகலாம். மாமல்லபுரம் போனால் நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 40 ரூபாய், 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். உங்கள் மூவருக்கும் 120. அந்த ஒரே டிக்கெட்டில் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் பார்த்துவிடலாம். அர்ச்சுனன் தபசைத் தெருவில் நின்றே பார்க்கலாம். ஏப்ரல் 18, உலக பாரம்பரிய தினத்தன்று அனுமதியே இலவசம், ஆனால் கூட்டமும் வெயிலும் சேர்ந்து வரும், மாமியாரோடு அன்றைக்கு வேண்டாம். அடுத்த தடவை வண்டலூர் உயிரியல் பூங்கா. செவ்வாய் விடுமுறை. உள்ளே நடக்க வேண்டிய தூரம் அதிகம், பாட்டிக்குப் பேட்டரி வண்டிச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சினிமாவும் போகலாம், யார் தடுத்தது? வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்துத் தியேட்டரில் காலைக் காட்சிக்குப் போங்கள்.

ஹோட்டலில் சாப்பிடும் நாளில் பில்லை ஒருமுறை படியுங்கள். ஜி.எஸ்.டி. கட்டியாக வேண்டும். சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு வரி இருந்தால் அதைக் கட்ட வேண்டியது கட்டாயமில்லை, எடுத்துவிடச் சொல்லலாம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மறுத்தால் 1915 என்ற உதவி எண் இருக்கிறது. கேம் ஜோனில் தரும் கார்டை ரீசார்ஜ் செய்தால் மிச்சத் தொகை அந்தக் கார்டிலேயே தங்கிவிடும். உங்கள் அலமாரியிலும் அப்படி இரண்டு கார்டு இருக்கலாம், தேடிப் பாருங்கள். அந்தக் கார்டுகளில் மிச்சமிருப்பது தீரும் வரை அங்கே புதிதாகப் பணம் போட வேண்டாம்.

3,500ஐத் தனியாக வைக்க ஒரு வழி சொல்கிறேன். பயன்படுத்தாத பழைய வங்கிக் கணக்கு ஏதாவது இருக்கும். சம்பளம் வந்த அன்றைக்கே அந்தத் தொகையை அதற்கு மாற்றிவிட்டு, வெளியே போகும் நாளில் யுபிஐயில் அந்தக் கணக்கை மட்டும் பயன்படுத்துங்கள். அந்தப் போன் கணவர் கையில் இருக்கட்டும். மிச்சம் எவ்வளவு என்று அவரே பார்த்துக்கொண்டு வந்தால் இடையில் நீங்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வர வேண்டியதில்லை. அந்தச் சண்டையும் குறையும். மகள் கையில் நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்து, இன்றைக்கு உனக்கும் தம்பிக்கும் இதுதான், நீயே பார்த்து வாங்கு என்று சொல்லிப் பாருங்கள். அவள் கேட்டுக்கொண்டே இருப்பது நின்றுவிடும், யோசிக்க ஆரம்பிப்பாள்.

நாளைக்குத் தபால் ஆபீஸ் போங்கள். கடன் தொகை கைக்கு வருவதற்குள் ஒரு ஞாயிறு வந்துவிடும். காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஐந்து பேரும் திருமங்கலத்தில் ஏறுங்கள். பாட்டிக்கும் பேத்திக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைக்க, பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள்.