மொட்டை மாடியில் வளைந்துபோன ஃபோம் பலகைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மதுரை வாசகர்): மாடி வீட்டின் வெக்கையைக் குறைக்க 50 மி.மீ. தடிமனில் எக்ஸ்.பி.எஸ். என்ற, வெப்பத்தைத் தடுக்கும் ஃபோம் பலகைகள் வாங்கினோம். கொத்தனார் வருவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதுவரை மழைக்குப் பயந்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி மொட்டை மாடியிலேயே அடுக்கி வைத்திருந்தோம். பிரித்துப் பார்த்தால் மேலே இருந்தவை எல்லாம் நடுவில் மேடாக வளைந்திருக்கின்றன. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரா?

பதில்: மேலே இருந்தவை மட்டும் வளைந்திருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சரக்கில் குறை இருந்தால் அடியில் இருப்பவையும் கோணியிருக்கும். எனவே கடைக்காரர் மேல் பழி போட முடியாது என்றே நினைக்கிறேன். வெயிலும் அந்த பிளாஸ்டிக் ஷீட்டும் சேர்ந்து செய்த வேலை இது.

வெப்பத்தை மறுபக்கம் போகவிடாமல் தடுப்பதற்காகத்தானே இந்தப் பலகையை வாங்குகிறோம்? அந்தக் குணமே வெறுமனே கிடக்கும் பலகைக்கு எதிரியாகிவிடுகிறது. மேல்முகம் கொதிக்கும்போது அடிமுகம் குளிர்ச்சியாகவே இருக்கும். சூடான முகம் விரியும், மற்றது விரியாது, பலகை வில்லாக வளையும். 1.25 மீட்டர் நீளம், 50 மி.மீ. தடிமன் உள்ள பலகையில் இரு முகங்களுக்கும் 30 டிகிரி வித்தியாசம் இருந்தால், நடுப்பகுதி சுமார் 8 மி.மீ. எழும்பும். அதே நீளத்தில் 25 மி.மீ. பலகை என்றால் இது இரட்டிப்பாகும். மெல்லிய பலகை வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வளைவு மட்டும் என்றால் பயமில்லை, ஆறியதும் தானாக நேராகிவிடும். ஆனால் எக்ஸ்.பி.எஸ்., தெர்மோகோல் இரண்டுமே பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்தான். ஏறத்தாழ 75 டிகிரி செல்சியஸ்தான் இவற்றின் எல்லை. அதைத் தாண்டினால் இளகி, இளகிய வடிவத்திலேயே நின்றுவிடும். ஒளி ஊடுருவும் ஷீட் வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. கறுப்புத் தார்ப்பாயும் நல்லதில்லை, அது சூட்டைத் தானே இழுத்துக்கொள்ளும். வெள்ளை நிறத்தில், ஒளி புகாத தார்ப்பாயைக் காற்றோட்டம் இருக்கும்படி சற்றுத் தூக்கிக் கட்டுவதுதான் சரி. அதைவிட நல்லது, கீழ்த்தளத்தில் நிழலில் வைப்பது.

இப்போது கையில் இருப்பதைக் காப்பாற்றப் பாருங்கள். வளைந்த பலகைகளை நிழலில், சமதளமான தரையில், மேடான பக்கம் மேலே இருக்கும்படி கிடத்துங்கள். மேலே ஒரு பிளைவுட் துண்டை வைத்து, அதன்மேல் செங்கற்களைப் பரவலாக அடுக்கி ஒரு இரவு விடுங்கள். செங்கல்லை நேரடியாகப் பலகைமேல் வைத்தால் பள்ளம் விழும். காலையில் பாரத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். நேராகியிருந்தால் தயங்காமல் பயன்படுத்தலாம். அப்படியும் வளைந்தே இருப்பவற்றைத் தூக்கி எறியாதீர்கள், நீளம் பாதியாகும்படி குறுக்கே அறுங்கள். நீளம் பாதியானால் நடுவின் எழுச்சி கால்பங்காகும். 8 மி.மீ. இருந்தது 2 மி.மீ. ஆகிவிடும், அதை மேலே போடும் கான்கிரீட்டே அழுத்திவிடும். இந்தத் துண்டுகளைக் கைப்பிடிச் சுவர் ஓரங்களில் போடச் சொல்லுங்கள், அங்கே எப்படியும் வெட்ட வேண்டியிருக்கும். மேற்பரப்பு மஞ்சளாகித் தூளாக உதிர்ந்தால் அது புற ஊதாக் கதிரின் வேலை. துடைப்பத்தால் நன்றாகத் தேய்த்துத் தள்ளிவிட்டுப் பயன்படுத்தலாம்.

போடும் நாளில்தான் அதிக கவனம் வேண்டும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்த பிறகு பலகை, அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதன்மேல் கம்பிவலையோடு கான்கிரீட், கடைசியில் வெள்ளை ஓடு என்பது வழக்கமான வரிசை. காலையில் மாடி முழுக்கப் பலகையைப் பரப்பிவிட்டு, கான்கிரீட்டை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று போகும் ஆட்களை அனுமதிக்காதீர்கள். அன்றைக்கு எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவுதான் விரிக்க வேண்டும். அடுத்தடுத்த வரிசைகளின் இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல், செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி வரட்டும். மழையையும் யோசியுங்கள். 50 மி.மீ. பலகை ஒரு சதுர மீட்டருக்கு 50 லிட்டர் தண்ணீரை விலக்கும். மாடியில் தண்ணீர் தேங்கினால், மேலே பாரம் இல்லாத பலகை மிதந்து இடம் மாறிவிடும். 40 மி.மீ. கான்கிரீட் இருந்தால் சதுர மீட்டருக்கு 80 கிலோவுக்கு மேல் பாரம் கிடைக்கும், மிதக்காது, வளையவும் வளையாது.

பலகையை முன்கூட்டியே வாங்கி வைப்பதில் லாபம் எதுவுமில்லை. பணத்தைக் கொடுத்து விலையை உறுதி செய்துகொள்ளுங்கள். சரக்கை மட்டும் வேலை தொடங்கும் நாள் காலையில் இறக்கச் சொல்லுங்கள். கொத்தனார் தேதியை மாற்றினால் லாரியின் தேதியும் மாறட்டும்.

கேள்வி (திருப்பூர் வாசகர்): தகரக் கூரையின் அடிப்பக்கத்தில் தெர்மோகோலை ரப்பர் பசையால் ஒட்டினோம். சில இடங்களில் குழி விழுந்து, சில இடங்களில் தொங்குகிறது. பஃப் (பாலியூரித்தேன் ஃபோம்) பலகை வாங்கினால் சரியாகுமா?

பதில்: குழி விழுந்ததற்குப் பசைதான் காரணமாக இருக்க வேண்டும். ரப்பர் பசையில் உள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். தின்னர், பெட்ரோல் எல்லாமே அப்படித்தான். தெர்மோகோலுக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும் பசையை மட்டும் வாங்க வேண்டும். தொங்குவதற்குச் சூடும் ஒரு காரணம். சித்திரை வெயிலில் தகரம் தெர்மோகோலின் எல்லையை நெருங்கிவிடும், அதோடு ஒட்டியிருக்கும் முகம் இளகும்.

பஃப், அதிலும் பி.ஐ.ஆர். எனப்படும் அதன் மேம்பட்ட வகை, 100 டிகிரிக்கு மேலும் தாங்கும். வாங்கும்போது இரண்டு முகத்திலும் ஒரே மாதிரியான உறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் வெறும் காகிதம் என்றால் காகிதம் ஈரத்தை இழுத்து, பலகை ஒரு பக்கமாகக் கோணும். தகரத்தோடு ஒட்டாமல், கூரையின் குறுக்குச் சட்டங்களுக்குக் கீழே அகல வாஷர் போட்ட திருகுகளால் பொருத்தி, மேலே காற்று இடைவெளி விடுங்கள். பலகையின் நான்கு ஓரமும் பிடிப்போடு இருக்க வேண்டும், நடுவில் மட்டும் பிடித்தால் மூலைகள் தூக்கிக்கொள்ளும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆட்கள் இருக்கும் அறையில் இந்த ஃபோம் எதையும் வெளியே தெரியும்படி விடாதீர்கள். தீப்பிடித்தால் கரும்புகை மிக வேகமாகச் சூழும். அடியில் ஜிப்சம் போர்டு போட்டு மூடுங்கள். இந்தச் செலவில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): எக்ஸ்.பி.எஸ். பலகையின் அடர்த்தி 32 என்கிறார்கள். அதை நாமே சரிபார்க்க முடியுமா?

பதில்: முடியும், சமையலறைத் தராசு போதும். அடர்த்தி என்பது ஒரு கனமீட்டருக்கு எத்தனை கிலோ என்பதுதான். 1250 × 600 × 50 மி.மீ. பலகையின் கன அளவு 0.0375 கனமீட்டர். அதை 32 ஆல் பெருக்கினால் 1.2 கிலோ வரும். தராசு 900 கிராம் காட்டினால் நீங்கள் கொடுத்த விலைக்கான சரக்கு அது இல்லை. தெர்மோகோலுக்கும் இதே கணக்குத்தான். 1 மீட்டர் × அரை மீட்டர் × 50 மி.மீ. துண்டு, 20 அடர்த்தி என்றால் அரை கிலோ நிற்க வேண்டும். தெர்மோகோலுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 4671, பஃப் பலகைக்கு ஐ.எஸ். 12436. பில்லில் இவற்றை எழுதச் சொல்லுங்கள். தெர்மோகோல் வாங்குகிறவர்கள், வார்த்து எத்தனை நாள் ஆனது என்றும் கேட்க வேண்டும். வார்த்த சூட்டோடு வெட்டி விற்பது பிறகு சுருங்கும்.

கேள்வி (சேலம் வாசகர்): லாரியிலிருந்து இறக்கும்போதே பலகைகள் வளைந்திருந்தன. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது. ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும். குறைபாடுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது, 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு குறிப்பிடவில்லை என்றால் 30 நாட்களுக்குள் எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும். ஆனால் வளைவு உங்கள் மாடியில் வந்ததில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும். பலகையின் குறுக்கே நூலை இழுத்துப் பிடித்து, இடைவெளி தெரியும்படி படம் எடுங்கள், லாரியும் படத்தில் விழட்டும். டெலிவரி சீட்டில் 'வளைந்த நிலையில் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதற்கு 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. அதுவரை அந்தப் பலகைகளை நிழலில் வையுங்கள், ஒன்றைக்கூட வெட்ட வேண்டாம்.