குடோனில் 11 நாற்காலி, கடனில் இன்னும் 2 வருஷம்

கேள்வி: நான்கு அறை கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறேன். புது மரச்சாமான் வாங்குவதில்லை என்பது என் கொள்கை. பழைய கட்டில், கதவு, தையல் மெஷின் கால் என்று தேடி வாங்கி, சித்தப்பா மகனிடம் கொடுத்து மாற்றி அமைக்கிறேன். இரண்டு அறைகள் மாதம் 12 இரவு வரை நிரம்புகின்றன. மற்ற இரண்டும் 8 மாதமாகப் பாதியில் நிற்கின்றன. சாமான்களுக்காக 12 சதவீத பிளாட் ரேட்டில் (கடைசி வரை முழு அசலுக்கும் வட்டி) 3 வருஷத் தனிநபர் கடன் எடுத்து, அதன் மேலேயே கூடுதல் கடனாக இரண்டு முறை டாப்-அப்பும் வாங்கிவிட்டேன். கடன் முடிய இன்னும் 2 வருஷம் இருக்கிறது. மாதத் தவணைக்கே 9 இரவு வாடகை போகிறது. இப்போது சுற்றுச்சூழலுக்கு உகந்த வேலைகளுக்கு என்று 'பசுமைக் கடன்' தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கி முடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். புதுக் கடன் எதுவும் வேண்டாம், அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும்.

உங்கள் கொள்கையில் எனக்குக் குறையே இல்லை. நல்ல மரத்தை விறகாகப் போகவிடாமல் மீட்பது அருமையான வேலை. ஆனால் பழசு மலிவு என்ற நம்பிக்கையில், கண்ணில் பட்டதையெல்லாம் கடனில் வாங்கிப் போடுகிறீர்கள். அந்தப் பழக்கம்தான் உங்களைச் சாய்க்கிறது.

புதுக் கட்டில் ஒன்றின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். பழையது 35-க்குக் கிடைக்கிறது. வண்டிக் கூலி 10, தச்சுக் கூலி 25, பாலிஷ், திருகு, பலகை என்று 15. ஆக 85. இதுவரை லாபம்தான். இந்த 85-ஐ உங்கள் கடனில் போட்டால் 3 வருஷ வட்டி மட்டும் ஏறக்குறைய 30. மொத்தம் 115. கையிலிருக்கும் காசுக்குப் புதுசே வாங்கியிருந்தால் 15 மிச்சம்! பிளாட் ரேட் 12 சதவீதம் என்பது கேட்கத்தான் சின்னது. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் கணக்கில் பார்த்தால் அது ஏறக்குறைய 21 சதவீதம். போதாததற்கு, ஒவ்வொரு டாப்-அப்பும் கெடுவைப் பின்னால் தள்ளியிருக்கும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் பூட்டிக் கிடக்கும் அறைகள். இரண்டு அறை, 8 மாதம், மாதம் 12 இரவு என்றால் 192 இரவு. பாதிதான் நிரம்பும் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 100 இரவு. அதில் 10, 11 தவணை கட்டியிருக்கலாம்.

குடோனில் 11 நாற்காலி, 3 கதவு, 2 தையல் மெஷின் கால் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவற்றைத் திருப்பிப் பாருங்கள். சின்ன ஓட்டைகளுக்குக் கீழே மாவு மாதிரி புதுத் தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதை நல்ல மரத்தோடு சேர்த்து வைக்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். சரக்குப் பலகையில் (சரக்கு அடுக்கும் மரத் தட்டு, பேலட்) மேஜை செய்வதாக இருந்தால் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எம்.பி. (MB) என்றால் பூச்சி கொல்ல மெத்தில் புரோமைடு புகை போட்டது. இரண்டாவதை அறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

அப்புறம், ஒரே ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். எது இல்லாமல் அதைத் திறக்க முடியாது? கட்டில், மெத்தை, விளக்கு, கண்ணாடி, திரை, பை வைக்க ஓர் இடம். மெத்தை மட்டும் புதுசாக இருக்கட்டும். பழைய மெத்தையில் மூட்டைப்பூச்சி வந்துவிட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் மருந்தடிக்கவே போய்விடும். பழைய விளக்குக்கு வயரை மாற்றாமல் பிளக்கைச் செருகாதீர்கள். மற்ற அலங்காரமெல்லாம் அறை திறந்த பிறகு, அந்த அறை சம்பாதிக்கும் பணத்தில். எந்தச் சுவருக்கு, எத்தனை அடி என்று எழுதி வைக்காத சாமானை வாங்கவே வேண்டாம். மிஞ்சும் நாற்காலிகளை விற்று அசலில் கட்டுங்கள். அப்படிக் கட்டுவதற்கு முன்னால், கெடுவுக்கு முன்பே கட்டினால் கட்டணம் எவ்வளவு, வட்டி உண்மையிலேயே குறையுமா என்று கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி உங்கள் சித்தப்பா மகன் விஷயம். வாரா வாரம் முன்பணம் வாங்குகிறார், மூன்றில் ஒன்றுதான் முடிகிறது, கேட்டால் உறவு கெட்டுவிடும் என்கிறீர்கள். கேட்காமல் இருப்பதால்தான் உங்களுக்கு உள்ளுக்குள் கசக்கிறது. மரம், பாலிஷ் செலவு என்னுடையது, கூலி சாமான் அறைக்குள் வந்து நின்ற பிறகு என்று நேரில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்த முன்பணத்துக்குப் பாதியில் நிற்கும் கட்டிலை முதலில் முடித்துத் தரச் சொல்லுங்கள். அறை திறக்க அதுதான் வேண்டும்.